மூணு மம்பட்டி, ஒரு வாய்க்கா

எங்க தோட்டத்துக்குத் திரீ பேஸ் கரண்ட் ஒழுங்கா வர்றது நடுச்சாமத்துலதானுங்க. பகல்லயும் கொஞ்சம் வரும். ஆனா அக்கம்பக்கத்துக் காட்டு மோட்டாரெல்லாம் ஒட்டுக்கா ஓடறப்ப வோல்டேஜ் இழுத்துக்கும். அதனால ராத்திரி எந்திரிச்சு மோட்டாரைப் போட்டுட்டு, தண்ணி வாய்க்கா வழியா ஊர்ந்து கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேர்ற முட்டும் முழிச்சுக்கிட்டிருக்கோணும். அந்நேரத்துக்கு முழிச்சிருக்கறது நானும், நாயும், ஐரோப்பாவும்தான். சாம்பியன்ஸ் லீக் மேட்ச்சு நம்மூரு மணிக்குப் பன்னண்டரைக்கோ ஒண்ணரைக்கோ ஆரம்பிக்குது பாருங்க, எனக்குன்னே நேரங் குறிச்ச மாதிரி. இருவது வருசமாத் தண்ணி கட்டிக்கிட்டே ஃபுட்பால் பாத்தவன் நானு. எம்பேரன் இதைக் கணக்குலயே எடுத்துக்கறதில்ல. அவனுக்கு நான் தலைல துண்டு கட்டுன அப்பாரு, அவ்வளவுதான்.

பேரனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஊட்ல இருந்தே பண்றான். ஆறு மணிக்கு ஆபீசு லேப்டாப்பை மூடுவான். காப்பி ஆறுறதுக்குள்ள சொந்த லேப்டாப்பைத் தொறந்துருவான். அதுல ஃபுட்பால் மேனேஜர்னு ஒரு ஆட்டம். பந்தைத் தொடவே வேண்டாமுங்க. நீங்கதான் கோச்சு. யாரு எங்க நிக்கோணும், பந்து கெடைச்சா என்ன பண்ணோணும், போனா என்ன பண்ணோணும்னு சொல்லிப்புட்டுக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துக்கலாம். மிச்சத்தைக் கம்ப்யூட்டரு ஆடிக்கும். திண்ணைல உக்காந்து ஊரையே வேலை வாங்கறவனுக்கு இதைவிடத் தோதான ஆட்டம் உண்டுங்களா?

இதைப் பண்ணுனது இங்கிலாந்துல காலியர்னு அண்ணந்தம்பி ரெண்டு பேரு. 1992ல முதல்ல வந்தப்பப் பேரு சாம்பியன்ஷிப் மேனேஜர். அதுல ஆட்டக்காரங்க பேரெல்லாம் கற்பனைப் பேரு. அப்பறம் வித்துக் குடுத்துக்கிட்டிருந்த கம்பெனிக்கும் இவிங்களுக்கும் ஒத்து வரல. 2003ல பிரிஞ்சுட்டாங்க. பழைய பேரு அவிங்களுக்கு, உள்ளுக்குள்ள ஓடற சரக்கு இவிங்களுக்கு. பாகம் பிரிக்கறப்ப ஒருத்தன் ஊட்டுப் பேரை வெச்சுக்கிட்டான், இன்னொருத்தன் கெணத்தை வெச்சுக்கிட்டான்னு வைங்க. கெணறு வெச்சிருந்தவன் 2004லயே ஃபுட்பால் மேனேஜர்னு புதுப் பலகை மாட்டிக் கடை தொறந்துட்டான்.

சரி, விசயத்துக்கு வர்றன். ஒருநா பொழுதோட உள்ள போனாப் பையன் மூஞ்சி இருண்டு கெடக்குது. அஞ்சுக்கு ஜீரோ. அஞ்சு, அக்கட்டக்காரனுது.

"ஒருத்தனுக்குக்கூடக் கொறையில்ல அப்பாரு. பாருங்க, எல்லாருக்கும் பச்சை வட்டம். எப்பிடித் தோத்தன்னே தெரியல."

அந்த ஆட்டத்துல ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வேலை குடுக்கோணுமுங்க. ரோல்ம்பாங்க. அந்த வேலைக்கு அந்த ஆளு எவ்வளவு பொருத்தம்னு ஒரு சின்ன வட்டம் காட்டும். முழுசாப் பச்சையா இருந்தாப் பொருத்தம் பலமா இருக்குதுன்னு அர்த்தம். நம்ம பையன் பத்து ஆளுக்கும் பச்சை வர்ற மாதிரி வேலை பிரிச்சுக் குடுத்துட்டுத்தான் ஆட்டத்துக்கே போயிருக்கறான்.

"கண்ணு, உங்கொப்பனுக்குப் பத்துப் பொருத்தமும் பாத்துத்தான் கண்ணாலம் பண்ணுனன். மாமியாளுக்கும் மருமகளுக்கும் பொருத்தம் பாக்கறதுக்கு எந்தச் சோசியனும் கட்டம் போட்டுத் தரல. அதுக்கப்பறம் நடந்ததெல்லாம் நீ பொறந்து வளர்ந்து பாத்ததுதானே?"

சமையக்கட்டுல பாத்திரம் ஒண்ணு கொஞ்சம் பலமா வெக்கற சத்தம் கேட்டுச்சு. நான் கொரலைக் கொறைச்சுக்கிட்டன்.

பையன் பிரிச்சிருந்த வேலையைச் சொல்றன், கேளுங்க. தடுப்புக்கு முன்னால நிக்கற எடத்துல ரெஜிஸ்டா. அவனுக்கு மேல அட்வான்ஸ்டு பிளேமேக்கர். அதுக்கும் மேல எங்காஞ்சே. எடதுபக்கம் ரௌம்டாய்ட்டர், வலதுபக்கம் இன்சைடு ஃபார்வர்டு, நட்ட நடுவுல கம்ப்ளீட் ஃபார்வர்டு. பின்னால ரெண்டு ஓரத்துலயும் கம்ப்ளீட் விங்பேக்கு. பேரெல்லாம் நோம்பிக்கு வர்ற பலகாரக் கடைப் பலகையாட்ட நெம்ப நல்லாத்தான் இருக்குது. இதுல காவலுக்கு எவன் நிக்கறான்னு கேட்டன். பையன் சென்டர்பேக்கு ரெண்டு பேரையும் காட்டுனான். அந்த ரெண்டு பேரும் போட்டோவுல மொட்டைக் காட்டுல நட்ட சோளக்கொல்லைப் பொம்மையாட்ட இருந்தாங்க.

இந்த ரோல் பேருகளை நான் ஒருக்கா அவனுக்குத் தமிழ்ல சொன்னன். எப்பிடி அர்த்தம் தெரியும்னு கேக்காதீங்க, போனுல கேட்டா அது சொல்லுது. ரெஜிஸ்டான்னா இத்தாலிக்காரன் பாசைல சினிமா டைரக்டரு. எங்காஞ்சேன்னா ஸ்பானிஷ்ல கொக்கி, வண்டியையும் இழுக்கறதையும் சேர்த்துப் பூட்டறது. ஆட்டத்துல இன்னும் உண்டு. வோலாந்தேன்னா ஸ்டியரிங்கு. மெட்சாலான்னா அரை ரெக்கை. இந்த ரௌம்டாய்ட்டர் கதைதான் ருசியானது. ஜெர்மன்காரன் தாமஸ் முல்லர் 2010 உலகக் கோப்பைல அஞ்சு கோல் போட்டுத் தங்க பூட்ஸ் வாங்குனான். வேகமுமில்ல, வித்தையுமில்ல, ஆனாப் பந்து வர்ற எடத்துல எப்பவும் நின்னுக்கிட்டிருப்பான். அடுத்த வருசம் பேட்டில நீ யாருப்பான்னு கேட்டதுக்கு, அவனாவே ஒரு வார்த்தையை உண்டு பண்ணிச் சொன்னான். ஜெர்மன்ல ட்ரௌம்டாய்ட்டர்னாக் கனாவுக்குப் பலன் சொல்றவன். முன்னெழுத்தை உருவிட்டா ரௌம்டாய்ட்டர், காலியா இருக்கற எடத்துக்குப் பலன் சொல்றவன். நம்மூருப் பாசைல கோடாங்கி. எங்க எடம் தொறக்கும்னு உடுக்கையடிச்சுக் குறி சொல்றவன். கேலியாச் சொன்ன வார்த்தையை ஆட்டத்துல ஒரு உத்தியோகமாவே போட்டுட்டாங்க.

குறி சொல்றவன் வரப்பு வெட்ட வரமாட்டானுங்க. ஆட்டத்துலயும் அப்பிடித்தான், தடுக்கற வேலைக்கு அவன் வந்து நிக்கமாட்டான். அவனுக்குப் பின்னால இருக்கற ஓரத்தடுப்புக்காரனாவது ஊட்டோட கெடக்கோணும். பையன் அந்த ஆளுக்கும் மேல ஓடுன்னு உத்தரவு குடுத்து வெச்சிருந்தான். கோடாங்கியும் போயாச்சு, காவக்காரனும் அவன் பின்னாலயே போயாச்சு. எதிராளி எடதுபக்கமா நடந்தே வந்து ரெண்டு கோல் போட்டிருக்கறான்.

மிச்ச மூணு கோலும் நடுவுல. அதைப் பாக்கறதுக்கு மேட்ச்சை மறுக்கா ஓட விடச் சொன்னன். பொம்மைகள் ஓடற மாதிரியும் பாக்கலாம், வெறும் புள்ளி ஓடற மாதிரியும் பாக்கலாம். எனக்குப் புள்ளிதான் தோது. பொம்மைன்னா மூஞ்சியைப் பாத்து ஏமாந்துருவோம். மூணு கோலுக்கும் பந்து ஒரே எடத்துல இருந்துதான் போயிருக்குது, ரெண்டு சென்டர்பேக்குக்கு முன்னால ஒரு கட்டில் போடற அளவுக்குக் காலி எடம். அங்க வெரலை வெச்சன்.

"ஸ்கிரீன்ல வெரலை வெக்காதீங்க அப்பாரு."

"கோல் வெக்கறவனை விட்டுட்ட, வெரல் வெக்கறவனைப் புடிச்சுக்கிட்டயே கண்ணு."

அந்த எடத்துல ஆள் போட்டிருந்தானே, ரெஜிஸ்டா? அவனைத் தேடுனன். அவன் நடுமைதானத்தைத் தாண்டி நின்னுக்கிட்டிருந்தான். அவன்மேல தப்பில்லீங்க. டைரக்டரை வாட்ச்மேன் வேலைக்கு வெச்சா அவன் கேமரா கோணம் பாத்துக்கிட்டுத்தான் நிப்பான். அந்த ரோலுக்கு அழகே அலைஞ்சு திரிஞ்சு பந்து வாங்கறதுதான். நெசத்துல அந்த வேலைக்குப் பேர்போனவன் இத்தாலிக்காரன் பிர்லோ. மேல நின்னு ஆடிக்கிட்டிருந்தவனைப் பின்னால எறக்கி ஆட வெச்சாங்க. மிலான்ல கோச்சு ஆன்செலோட்டி அவனைத் தடுப்புக்கு முன்னாலேயே நிரந்தரமா நிறுத்திப்புட்டு, அவம் பக்கத்துல கட்டூசோவைக் கட்டி வெச்சாரு. பிர்லோ நின்னு நெதானமாப் பந்தை எங்க அனுப்பலாம்னு யோசிக்கற நேரத்துல கட்டூசோ நாலு பேரு முழங்காலைப் பாத்துக்கிட்டு ஓடிக்கிட்டிருப்பான். பிர்லோ படத்தை மட்டும் சட்டைல போட்டுக்கிட்டுக் கட்டூசோவை மறந்தா எப்பிடிங்க?

ரெஜிஸ்டா, அட்வான்ஸ்டு பிளேமேக்கர், எங்காஞ்சே, மூணுமே பிளேமேக்கர் வேலைதான். இப்ப அந்த மூணு பிளேமேக்கர் கதை. இது எனக்கு நல்லாத் தெரிஞ்ச விசயம், அதனாலக் கொஞ்சம் நீட்டுவன், பொறுத்துக்கோணும்.

தண்ணி கட்டறப்ப வாய்க்காத் தலைல ஒரே ஒரு ஆளுதான் மம்பட்டியோட நிப்பான். ஒரு பாத்தி நெறைஞ்சதும் அந்த மடையை அடைச்சு அடுத்த மடையைத் தொறப்பான். எது காஞ்சு கெடக்குது, எது சேறாயிருச்சு, எந்தப் பக்கம் சரிவு, எல்லாம் அவங் கண்ணுலதான் இருக்கும். நல்ல மடைக்காரன் ஓடமாட்டான். தண்ணியை ஓட வெப்பான். நாங்க அண்ணந்தம்பி மூணு பேரு. ஒருக்கா எங்கொப்பன் ஊர்ல இல்லாத அன்னிக்கு மூணு பேரும் மூணு மம்பட்டியோட எறங்கிட்டோம். பெரியவன் கரும்புக்குத் தொறந்தான். நான் அவனுக்கு மேல நின்னு மஞ்சளுக்குத் தொறந்தன். சின்னவன் எங்க ரெண்டு பேருக்கும் மேல போயித் தொட்டிப் பக்கத்துலயே அடைச்சுக்கிட்டான். விடிய விடிய மோட்டாரு ஓடுச்சு. காலைல பாத்தா வாய்க்காதான் குளிச்சிருந்துச்சு, பயிரெல்லாம் காஞ்சது காஞ்ச மேனிக்குக் கெடந்துச்சு. எங்கொப்பன் வந்து மம்பட்டிக் காம்பைத் தேடுனது தனிக் கதை.

ஃபுட்பால் மேனேஜர்ல பிளேமேக்கர் வகையறா ரோலுக்கெல்லாம் ஒரு கொணம். மத்த ஆட்டக்காரங்க பந்து கெடைச்சதும் அவனைத்தான் மொதல்ல தேடுவாங்க. ஒருத்தன் இருந்தாச் சரி. பின்னால ஒருத்தன், முன்னால ஒருத்தன்னு தள்ளித் தள்ளி ரெண்டு பேருன்னாலும் சமாளிக்கலாம். நடுவுல ஒரே கோட்டுல மூணு பேரை வெச்சா, பந்து அந்த மூணு பேருக்குள்ளயே மரியாதைக்குக் கை மாறிக்கிட்டிருக்கும். "நீங்க தொறங்க", "இல்லீங்க, நீங்களே தொறங்க". அதுக்குள்ள எதிராளி புடுங்கிக்கிட்டுப் போயிருவான். பையன் கணக்குப் பாத்துச் சொன்னான், அறுவது பங்கு நேரம் பந்து எங்கிட்டத்தான் இருந்துச்சு அப்பாருன்னு. ஆமா கண்ணு, அன்னிக்கு எங்க தண்ணியும் எங்க வாய்க்காலதான் இருந்துச்சுன்னன்.

ஒவ்வொரு ரோலுக்கும் கூடவே இன்னொரு சீட்டு உண்டு. டிஃபெண்டு, சப்போர்ட்டு, அட்டாக்கு. பையன் ஆறு பேருக்கு அட்டாக்குன்னு எழுதி வெச்சிருந்தான். கண்ணாலத்துல ஆறு பேரு மேடைல ஏறி மாப்பிள்ளை பக்கத்துல நின்னு போட்டோவுக்குப் பல்லைக் காட்டுனாப் பந்தில தண்ணி ஊத்தறது ஆரு, எலை எடுக்கறது ஆரு? ரெண்டு, மிஞ்சிப் போனா மூணு பேரு மேடைல நிக்கட்டும்னன். அவனுக்கு மனசே வரல. ஒவ்வொருத்தனையா எறக்கறப்ப மூஞ்சியப் பாக்கோணுமே, சொத்தை எழுதிக் குடுக்கற மாதிரி.

அப்பறம் அந்தக் கட்டில் எடத்துக்கு ஆள் தேடுனோம். பையன் பால் வின்னிங் மிட்ஃபீல்டர்னு ஒண்ணைப் போடலாம்னான். பேரு வீரமாத்தான் இருக்குது. எங்கூட்ல முன்னால ஒரு நாயி இருந்துச்சு, ரோட்டுல போற ஒவ்வொரு பஸ்ஸையும் தொரத்திக்கிட்டுச் சந்தப்பேட்டை முட்டும் போயிட்டு வரும். நெம்பச் சுறுசுறுப்பு. அது பஸ்ஸைத் தொரத்திக்கிட்டிருந்த நேரத்துலதான் கோழி களவு போச்சு. இப்ப இருக்கற கருப்பன் அப்பிடியில்ல. வாசல்ல படுத்தே கெடக்கும். ஒரு கண்ணு மூடியிருக்கும், ஒரு கண்ணு தொறந்திருக்கும். பந்து எங்க போனாலும் பின்னாலயே ஓடறவன் மொதல் நாயி. ஆங்கர்ங்கற ரோலு கருப்பன். ஓடற டீம்ல ஏற்கெனவே வாசல்ல ஒருத்தன் படுத்திருந்தா மொதல் நாயையும் வெச்சுக்கலாம். வாசலே காலின்னாக் கருப்பந்தான்.

ஆங்கருக்கு என்ன பாக்கோணும்? இந்த ஆட்டத்துல ஒவ்வொரு கொணத்துக்கும் ஒண்ணுல இருந்து இருவது வரைக்கும் மார்க்கு போடறாங்க. பையன் மொதல்ல பாக்கறது வேகம். பதினேழுன்னாக் கண்ணு மின்னும். பக்கத்துலயே முடிவெடுக்கற புத்தி ஆறுன்னு போட்டிருக்கும், அது கண்ணுக்கே தெரியாது. நாங்க கண்ணபுரம் சந்தைல மாடு பாக்கப் போனாத் துள்ளறதைப் பாத்து வாங்கமாட்டோமுங்க. பல்லைப் பாப்போம், சுழி பாப்போம், நாலு எட்டு நடக்க விட்டுக் காலைப் பாப்போம். துள்ளற காளை வெலை சொல்றதுக்கு நல்லா இருக்கும், ஏர்ல பூட்டுனாத் தெரியும். வாசல்ல படுக்கறவனுக்குக் கவனம், நிக்கற எடம், முன்கூட்டியே மோப்பம் புடிக்கறது, கூட ஆடறவனை மதிக்கறது, இந்த நாலும் பதிமூணு பதினாலு இருந்தாப் போதும். வேகம் ஒம்பதுன்னாலும் குத்தமில்ல. ஓடவேண்டிய நெலமை வர்றதுக்கு முன்னாலயே அவன் அங்க நிப்பான்.

இன்னுஞ் சில கொணத்துக்கு மார்க்கே வெளிய தெரியாது. பெரிய மேட்ச்சுல கால் நடுங்குமா, ஒரு நா ஆடிட்டு மூணு நா படுத்துக்குவானா, அடிக்கடி நொண்டுவானா. இதையெல்லாம் மறைச்சு வெச்சிருக்கறாங்க. வேவு பாக்கற ஆளு எழுதற அறிக்கைல ஓரமா ஒரு வரி வரும். பையன் அதைப் படிக்கறதே இல்ல. தரகன் மாட்டைப் பத்தி எச்சாப் பேசுனதை உட்டுப்புட்டு முனகுனதை மட்டும் காதுல வாங்கோணுமுங்க.

பெஞ்சுல ஒரு ஆளு உக்காந்திருந்தான். முப்பத்தொரு வயசு, ரெண்டு நட்சத்திரம், மூணு மாசமா ஒரு மேட்ச்சும் ஆடல. அந்த நாலு கொணமும் அவங்கிட்ட இருந்துச்சு. இவனைப் போடுன்னன். பையன் சிரிச்ச சிரிப்புக்குக் கருப்பன் எந்திரிச்சு வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு.

போட்டோம். எங்காஞ்சே பெஞ்சுக்குப் போனான். ரெஜிஸ்டாவா இருந்த ஆளு மேல ஏறி ஒரே மம்பட்டியா நின்னான். அவனுக்குப் பக்கத்துல ஓரத்துக்கும் நடுவுக்கும் ஓடி அடைக்கற காரிலேரோ ஒருத்தன். எடதுபக்கத் தடுப்புக்காரனை ஊட்டோட கட்டுனோம். வலதுபக்கம் மட்டும் விட்டு வெச்சோம், அங்க முன்னால ஆடறவன் உள்ள வர்றவன், அதனாலப் பின்னால இருக்கறவன் வெளிய ஓடலாம். ஒருத்தன் பாத்தில நடந்தா இன்னொருத்தன் வரப்புல நடக்கோணும், ரெண்டு பேரும் வரப்புலயே வந்தாக் குடை முட்டும். அவ்வளவுதான் பண்ணுனது. அன்னிக்கு ஒண்ணுக்கொண்ணு. அடுத்த மேட்ச்சு ஒண்ணுக்கு ஜீரோ, ஜெயிச்சுட்டோம். நாலு மேட்ச்சுல ரெண்டே கோலுதான் வாங்குனோம். பையன் கொட்டாவி விட்டான். "போரடிக்குது அப்பாரு."

அப்பறம் மேட்ச்சு முடிஞ்சதும் வர்ற மார்க்கைக் காட்டுனான். பத்துக்கு இத்தனைன்னு ஒவ்வொருத்தனுக்கும் போடறாங்க. கோல் போட்டவனுக்கு எட்டரை. நம்ம பெஞ்சு ஆளுக்கு 6.7. "பாருங்க, டீம்லயே கொறைச்சல் இவனுக்குத்தான். ஜனவரில வித்துரலாம்."

அப்பத்தான் நான் அவனுக்கு மாட்ரிட் கதையைச் சொன்னன். மக்கலேலேன்னு ஒரு பிரான்சுக்காரன், பொறந்தது காங்கோவுல. 2000ல ரியல் மாட்ரிட்டுக்கு வந்தான். ஜிடான், ஃபிகோ, ரொனால்டோன்னு மேடை நெறைய மாப்பிள்ளைக இருந்த டீமு. இவந்தான் எலை எடுக்கறவன். இவன் இருந்த மூணு வருசத்துல ரெண்டு லீக்கு, ஒரு சாம்பியன்ஸ் லீக்கு. 2003ல சம்பளத்தைக் கொஞ்சம் ஏத்திக் குடுங்கன்னு கேட்டான். தலைவரு ஃபுளோரென்டினோ பெரஸ் மாட்டேன்னு சொல்லிப்புட்டாரு. அதே கோடைல பெக்காமை வாங்குனாங்க, இவனைச் செல்சிக்கு வித்தாங்க. அந்த வருசம் ரியல் மாட்ரிட் லீக்குல நாலாவது எடம். மறுக்கா லீக்கைக் கையில புடிக்க 2007 ஆயிருச்சு. செல்சி? 2004-05ல லீக்கையும் ஜெயிச்சு, 38 மேட்ச்சுலயும் சேர்த்து வாங்குனது மொத்தம் 15 கோலு. இங்கிலீசுக்காரங்க அந்த எடத்துக்கே மக்கலேலே ரோல்னு பேரு வெச்சுட்டாங்க. அன்னிக்கு மார்க்குப் போட்டிருந்தா அவனுக்கும் 6.7தான் வந்திருக்கும் கண்ணுன்னன்.

பையன் தலையாட்டுனான். தலையாட்டுனதை நம்பிப்புட்டு நான் மோட்டாருக்குப் போயிட்டன்.

இங்க உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லிப்புடறன், அவங் காதுக்குப் போகவேண்டாம். ராத்திரி மோட்டாரு ஓடறப்ப எனக்கு வேலையென்ன? அவன் லேப்டாப்பு சோபாவுல கெடக்கும். பாஸ்வேர்டு அவன் பொறந்த தேதிதான்; அன்னிக்கு ஆசுபத்திரி வாசல்ல நின்னவன் நானு, எனக்கா தெரியாது? நானும் ஒரு ஆட்டத்தை ஆரம்பிச்சு வெச்சிருக்கறன். இங்கிலாந்துல கீழ்ப்படில கெடக்கற சின்ன டீமு. மொத ஆறு மேட்ச்சும் தோல்விங்க. காரணம் கேட்டாச் சிரிப்பீங்க. எங்காஞ்சே. ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற நானே அந்தக் கொக்கில மாட்டுனவன்.

ரிக்கெல்மேன்னு ஒரு அர்ஜென்டினாக்காரன். வில்லாரியல்னு அம்பதாயிரம் பேரு இருக்கற சின்ன ஊரு டீமை 2006ல சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்குக் கூட்டிக்கிட்டு வந்தான். அவனை ஆடறவன்னு சொல்லமாட்டன், பந்துகூடப் பேசிக்கிட்டிருப்பான். ஆர்செனல்கூட ரெண்டாவது மேட்ச்சு, கடைசி நிமிசத்துல பெனால்ட்டி. ஆர்செனல் கீப்பர் லேமன் புடிச்சுட்டான். எனக்கு நெஞ்சு அடைச்சுக்கிச்சு. அன்னிக்கு ராத்திரி எங்க வாய்க்கா ஒடைஞ்சு தண்ணியெல்லாம் பக்கத்துக் காட்டுக்குப் போனது விடிஞ்சுதான் தெரிஞ்சுது. அந்தப் பாசத்துல, எங்கிட்ட இருந்த ஒரு தடிப் பையனைப் புடிச்சு எங்காஞ்சேன்னு நிறுத்திப்புட்டன். அவனுக்குப் பந்தை நிப்பாட்டவே வராது. ஆறு மேட்ச்சு பொறுத்தன். ஏழாவதுல அவனைப் பெனால்ட்டி பாக்சுல சும்மா நில்லுடான்னு போச்சர் வேலைக்கு வெச்சன், பந்து மண்டைல பட்டே ரெண்டு கோல் போட்டான்.

பொய் ஒம்பதுன்னு ஒண்ணு இருக்குதுங்களே, ஃபால்ஸ் நைன், அதுலயும் பேரைப் பாத்து மயங்கற இதே சங்கதிதான். 2009 மே 2, மாட்ரிட் மைதானத்துலயே பார்சிலோனா ஆறு, ரியல் மாட்ரிட் ரெண்டு. மெஸ்ஸியை நடுவுல வெச்சுப்புட்டு, அவனை முன்னால நிக்காதே, பின்னால எறங்குன்னு சொல்லிட்டாரு பார்சிலோனா கோச்சு கார்டியோலா. தடுக்கற கனவாரோவுக்கும் மெட்செல்டருக்கும் அவன் பின்னால போறதா, எடத்தோட நிக்கறதான்னு புரியல. எல்லாரும் மெஸ்ஸியையே பேசறாங்க. அவன் விட்டுட்டுப் போன காலி எடத்துக்குள்ள எடதுபக்கமிருந்து ஹென்றி ஓடி வந்து ரெண்டு கோல் போட்டானுங்களே? பேரன் ஃபால்ஸ் நைன் போட்ட அன்னிக்குப் பக்கத்துல ரெண்டு ஓரத்துலயும் கோட்டை ஒட்டியே நிக்கற விங்கர்களைப் போட்டிருந்தான். மாப்பிள்ளை நாக்காலியை விட்டு எந்திரிச்சுப் போயிட்டான், உக்கார ஆரும் வரல. நாக்காலி மட்டும் கோல் போடுமா?

கோல்கீப்பருக்கு அதிகம் சொல்றதுக்கில்ல. 2014 உலகக் கோப்பைல அல்ஜீரியாகூட ஜெர்மனிக் கீப்பர் நொயர் பெட்டியை விட்டு வெளிய ஓடி வந்து பந்தைத் துடைச்சான்னா, அவன் தடுப்புக்காரங்க அவ்வளவு மேல நின்னாங்க. உன்ற ஆளுக கோல் கம்பத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கறப்பக் கீப்பரையும் வெளிய ஓடுன்னாச் சொந்த ஆளு மேலயே முட்டிக்குவான்.

புதுசா 2026ன்னு ஒரு பதிப்பு வந்திருக்குது. நடுவுல 2025 வர்றன்னு சொல்லி வராமயே போச்சு. புதுசுல அந்த அட்டாக்கு, சப்போர்ட்டு சீட்டையெல்லாம் எடுத்துட்டு, பந்து நம்மகிட்ட இருக்கறப்ப ஒரு வேலை, இல்லாதப்ப ஒரு வேலைன்னு ஆளுக்கு ரெண்டு ரோல் குடுக்கறாங்களாம். பேரன் அதைப் பெரிய கண்டுபிடிப்பாச் சொன்னான். உங்காத்தா நாப்பத்தஞ்சு வருசமா ஒறம்பரை வந்தா ஒரு ரோலு, போனா ஒரு ரோலு பாக்கறா, அவளுக்கு எவன் கண்ணு பதிப்புப் போட்டான்னன். அவன் லேப்டாப்பு அதைத் தாங்காதாம், அதனால 2024லயே ஓட்டறான். எனக்கும் அதுதான் வசதி.

தோத்தாச் சேவ் பண்ணுனதை மறுக்காத் தொறந்து அதே மேட்ச்சை ஆடற வழக்கமொண்ணு அவனுக்கு உண்டு. ஒவ்வொருக்காத் தொறக்கறப்பவும் ரெண்டு ரோலை மாத்துவான். புதுமுறை டீமுக்குப் படியறதுக்கு வாரக்கணக்காகும், அதுக்கு ஒரு அளவுகோலே அதுல இருக்குது. நாத்து நட்ட மறுநா வேர் புடிச்சுதான்னு புடுங்கிப் பாக்கறவனை என்ன சொல்றது? எவனோ நல்லா ஜெயிச்சான்னு அவனோட ஆட்டமுறையை அப்பிடியே எறக்கி வெக்கறதும் உண்டு. அவனுக்குச் செம்மண்ணு, நமக்குக் களிமண்ணு.

ஜனவரி வந்துச்சுங்க. ஆட்டத்துல வர்ற ஜனவரி. நான் மஞ்சள் வேவிக்கற வேலைல ஒரு வாரம் ஊட்டுப் பக்கமே ஒழுங்கா வரல. வந்து பாத்தா 6.7காரனை வித்துப்புட்டான். அந்தக் காசுல த்ரெக்வார்டிஸ்டான்னு இன்னொரு மம்பட்டியை வாங்கியிருக்கறான். பத்தொம்பது வயசு, வேகம் பதினெட்டு. வட்டம் பச்சைப் பசேல்னு இருக்குது.

நான் ஒண்ணும் சொல்லல. நல்லா இருக்குது கண்ணுன்னன்.

நேத்து ராத்திரி பன்னண்டே முக்காலுக்கு மடைகிட்ட நின்னுக்கிட்டிருக்கறன், போன் அடிக்குது. ஊட்டுக்குள்ள இருந்தே கூப்படறான். "அப்பாரு, நாலு கோலு. நாலும் அந்தக் கட்டில் எடத்துலதான். அந்தாளைத் திரும்ப வாங்கலாம்னு கேட்டா, வித்த வெலைல மூணு பங்கு கேக்கறாங்க. அவன் அங்க கேப்டனாயிட்டானாம். என்ன பண்றது?"

"சித்தெ இரு கண்ணு. கடைசிப் பாத்திக்கு இப்பத்தான் தண்ணி ஏறுது."

"அப்பறம் இன்னொண்ணு அப்பாரு. இதுல 'கருப்பன்'னு ஒரு சேவ் இருக்குதே, இது ஆருது? மூணாவது சீசன்ல மேல்படிக்கு வந்திருக்குது."

மோட்டாரு சத்தத்துல ஒண்ணும் சரியாக் கேக்கலைன்னு சொல்லிப் போனை மடில கட்டிக்கிட்டன்.